மண்ணெண்ணெயில ஓடின கதையும், ஸ்ராட் வராத எங்கட மோட்டார் சைக்கிளும்

“நாங்களெல்லாம் மண்ணெண்ணெயில மோட்டார் சைக்கிள் ஓடின ஆக்கள்.”

இந்த வசனத்தைக் கேட்காமல் யாழ்ப்பாணத்தில் இருபது வயதைத் தாண்டின ஆள் இருக்க முடியாது. கலியாண வீட்டில், செத்த வீட்டில், கோயில் வீதியில், ரியூசன் கொட்டிலில், பிறகு பல்கலைக்கழக மண்டபத்தில் ஒலிவாங்கிக்கு முன்னால் என்று எல்லா இடத்திலும் கேட்டிருக்கிறோம். கவனித்துப் பார்த்தால் இந்த வசனம் சும்மா வருவதில்லை. எங்களில் யாராவது ஒரு குறையைச் சொன்ன பிறகுதான் வரும். விடுதியில் தண்ணீர் இல்லை என்றால் வரும். உதவிப்பணம் பிந்துகிறது என்றால் வரும். 2022இல் விடியப்புறம் மூன்று மணிக்கு பெற்றோல் வரிசையில் நின்று நுளம்பு அடித்துக்கொண்டிருந்தபோதும் வந்தது. வந்தால் கதை முடிந்தது. அதற்குப் பிறகு எங்களிடம் பேச ஒன்றும் இருக்காது. மண்ணெண்ணெயில் ஓடாதவன் வாயை மூட வேணும், அவ்வளவுதான்.

இந்தக் கட்டுரை அந்த வசனத்துக்கு எதிரானது. அந்தக் காலத்தில் வாழ்ந்த சனத்துக்கு எதிரானது இல்லை. இந்த இரண்டையும் பிரித்து வாசிக்க ஏலாத ஆக்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். எங்களுக்குக் கோபமில்லை.

ஒரு சம்பவத்தில் இருந்து தொடங்குகிறோம்.

2022 ஓகஸ்ட். அப்போது நாங்கள் முதலாம் வருசம். பெற்றோல் இல்லை என்று வகுப்புகள் வீட்டுக்குள் போய், கியூஆர் அட்டை வந்த பிறகு மெல்ல மெல்ல வெளியே வரத் தொடங்கின நேரம். எங்களில் ஒருவனின் மோட்டார் சைக்கிள் ஏழு கிழமையாக வீட்டு விறாந்தையில் நின்றது. தகப்பனின் பழைய வண்டி. வெளியில் எடுத்தால் ஸ்ராட் வரவில்லை. கிக்கரை உதைத்து உதைத்து கால் வீங்கினதுதான் மிச்சம்.

ஒழுங்கையில் மூன்று பெரியவர்கள் கூடினார்கள். மூன்று பேரும் அந்த வசனத்தைச் சொன்னார்கள். ஒருவர் சோக்கை முழுதாக இழு என்றார். ஒருவர் இன்னும் பலமாக உதை என்றார். மற்றவர் பிளக் போய்விட்டது, புதுசு வாங்கு என்றார். சோக்கை இழுத்து முப்பது தரம் உதைத்தபின் பெற்றோல் மணம் மூக்கில் அடித்தது, எஞ்சின் மூச்சுக் காட்டவில்லை. “இந்தக் காலத்துச் சாமான் இப்பிடித்தான்” என்று சொல்லிவிட்டு மூன்று பேரும் கலைந்து போனார்கள். அந்த வண்டி எங்களை விட வயது கூடினது.

மண்ணெண்ணெயில் ஓடின மூன்று பேரால் பெற்றோலில் நின்ற ஒரு வண்டியை ஸ்ராட் பண்ண முடியவில்லை. எங்கட சந்தேகம் அன்றைக்குத்தான் தொடங்கியது.

இரண்டு கிலோமீற்றர் தள்ளிக்கொண்டு போனோம். தகரக் கூரை, ஒரு வேப்பமரம், அறுபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு மெக்கானிக். நாங்கள் அவரை ஐயா என்றுதான் கூப்பிடுகிறோம், அவருக்கு அது பிடிப்பதில்லை, அண்ணை என்று சொல் என்பார். அவர் வண்டியைத் தொட முதல் எங்களைத்தான் கேட்டார்.

“எத்தினை நாள் நிண்டது?”

“ஏழு கிழமை.”

“உள்ளுக்க கிடக்கிற பெற்றோல் எங்க எடுத்தது? செட்டில அடிச்சதோ, கான்ல வச்சிருந்ததோ?”

“கான்ல. கறுப்பில வாங்கினது. அதுக்கு முதல் எவ்வளவு நாள் அவையள் வச்சிருந்தவையோ தெரியாது.”

“நிப்பாட்டேக்க நல்லா ஓடினதோ? இல்லாட்டி முதலே இழுவை குறைஞ்சதோ?”

காபரேற்றரின் அடியில் உள்ள வடிகால் ஆணியைத் திறந்து கொஞ்சத்தை ஒரு மூடிக்குள் பிடித்து மணந்தார். எங்களையும் மணக்கச் சொன்னார். புதுப் பெற்றோலின் குத்துகிற மணம் இல்லை, பழைய வார்னிஷ் மாதிரி ஒரு மணம். பெற்றோல் என்பது ஒரே சாமான் இல்லை என்றார். லேசானதும் பாரமானதுமாகப் பல எண்ணெய்கள் சேர்ந்தது. திறந்தும் மூடியும் கிடந்தால் லேசானது முதலில் ஆவியாகிப் போய்விடும். குளிர்ந்த எஞ்சின் ஸ்ராட் வருவதற்கு வேண்டியது அந்த லேசானதுதான். மிஞ்சிக் கிடப்பது பாரமானது, அது பிசினாகிச் சின்ன ஓட்டைகளை அடைக்கும். ஸ்லோ ஜெற்றைக் கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துக் காட்டினார். தலைமயிர் அளவு ஓட்டை, மறுபக்கம் தெரியவில்லை. கழுவி, காற்றடித்து, வயர் ஒன்றிலிருந்து உரித்த ஒற்றைச் செப்புக் கம்பியால் மெல்லத் தட்டி எடுத்தார். இரும்புக் கம்பி போடக் கூடாதாம், ஓட்டை பெருக்கும். பழைய பெற்றோலை வடித்துப் புதுசு விட்டார். இரண்டாவது உதையில் பிடித்தது.

“கான்ல கிடந்து பழசாப் போற பெற்றோல், மண்ணெண்ணெய்ப் பக்கம் சாயத் தொடங்கும் தம்பி” என்றார். அந்த இடத்தில்தான் நாங்கள் கேட்டோம். ஐயாவும் அந்தக் காலம் மண்ணெண்ணெயில ஓடினியளோ?

அவர் சிரிக்கவில்லை. “ஓடினனாங்கள். அதைப் பெருமையாக் கதைக்காதேங்கோ. எத்தினை எஞ்சினைக் கொண்டனாங்கள் எண்டு எனக்குத்தான் தெரியும்.”

*

அதற்குப் பிறகு பல நாள் அந்த வேப்பமரத்தடியில் இருந்து கேட்டு எழுதினதைச் சுருக்கமாகச் சொல்கிறோம். கலைப்பீடத்துப் பிள்ளைகள் சொல்கிற எஞ்சின் பாடம் என்று சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். பெருமைக் கதைக்குள் இல்லாதது இதுதான்.

எஞ்சின் ஸ்ராட் வருவதற்கு மூன்று வேண்டும். காற்றோடு சரியான அளவில் கலந்த எரிபொருள், அந்தக் கலவையை அமத்துகிற அமுக்கம், சரியான நேரத்தில் ஒரு பொறி. பெற்றோல் என்றால் நிறைக் கணக்கில் ஒரு பங்குக்கு ஏறக்குறைய 14.7 பங்கு காற்று. ஆனால் எரிவது திரவம் இல்லை, ஆவி. பெற்றோலின் ஆவி பூச்சியத்துக்கு 40 பாகை கீழேயும் தீப்பிடிக்கும். மண்ணெண்ணெய் 38 பாகை செல்சியசுக்கு மேலே போனால்தான் தீப்பிடிக்கக்கூடிய அளவுக்கு ஆவி விடும். யாழ்ப்பாணத்தில் ஒரு விடியக்காலைக்கு அந்தச் சூடு இல்லை.

ஆகவே குளிர்ந்த எஞ்சினுக்குள் மண்ணெண்ணெய் போனால் இரண்டு பிழை ஒரே நேரத்தில் நடக்கும். அளவு சரியாகத்தான் போகும், ஆனால் ஆவி இல்லை. பிளக்கின் நுனியில் எரிய ஒன்றும் இருக்காது. அதே நேரம் ஆவியாகாத திரவம் பிளக்கை நனைத்து இருந்த பொறியையும் அணைக்கும். எஞ்சின் பட்டினியாகவும் கிடக்கும், தண்ணிக்குள் விழுந்த மாதிரியும் கிடக்கும்.

அதனால்தான் அந்தத் துளிப் பெற்றோல். 1990 யூனில் போர் மறுபடி தொடங்கின பிறகு வடக்குக்குப் பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல், டீசல், பற்றறி, சீமெந்து, பசளை எல்லாம் தடைப்பட்டியலில். கடத்தி வந்த பெற்றோலை ஆக்கள் போத்தல் கணக்கில் இல்லை, துளிக் கணக்கில் பார்த்தார்கள். சிலர் கண்மருந்துப் போத்தலில், சிலர் பிள்ளையின் சூப்பிப் போத்தலில் கொண்டு திரிந்தார்கள். காபரேற்றருக்குள் சில துளி விட்டு உதைப்பது. அது பிடித்து எஞ்சின் சூடாகும்வரை பொறுப்பது. பிறகு மண்ணெண்ணெய்க்கு மாறுவது. சூடான எஞ்சினுக்குள் மண்ணெண்ணெய் தானாக ஆவியாகும், வண்டி புகை கக்கிக்கொண்டு ஓடும். வழியில் நிறுத்திச் சூடு ஆறினால் மறுபடி துளி. துளியும் இல்லாத ஆக்கள் பிளக்கைக் கழற்றி அடுப்பில் சூடாக்கிக் கொண்டுவந்து பூட்டினதாகவும் சொன்னார்.

கதை இங்கேதான் வழக்கமாக முடியும். கைதட்டலும் இங்கேதான். ஆனால் எஞ்சினுக்கு இங்கே முடியவில்லை.

மண்ணெண்ணெயின் ஒக்ரேன் மிகக் குறைவு. நாங்கள் செட்டில் அடிக்கிற பெற்றோல் 92, 95 என்று வருகிறதே, அதுக்குக் கிட்டவும் வராது. பெற்றோலுக்குச் செய்த அமுக்கத்தில் அது பொறியின் தீ பரவி வர முதலே தானாக வெடிக்கும். பிஸ்ரன் சுத்தியலால் அடித்த மாதிரித் தட்டும். அதைத் தணிக்க ஹெட்டுக்குக் கீழே இரட்டைக் கஸ்கெற் போட்டு அமுக்கத்தைக் குறைத்தார்கள், பொறி விழுகிற நேரத்தைப் பின்தள்ளினார்கள். அப்படிச் செய்தால் இழுவை குறையும். இழுவை குறைந்தால் திறொட்டிலைக் கூடத் திருகவேணும், எண்ணெய் கூடப் போகும். எரியாமல் மிஞ்சின மண்ணெண்ணெய் சிலிண்டர்ச் சுவரில் இருந்த ஒயில் படலத்தைக் கழுவிக்கொண்டு ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்கி எஞ்சின் ஒயிலைத் தண்ணியாக்கும். ஒயிலும் லேசில் கிடைக்காத காலம், மாற்ற வழியில்லை. ரிங் தேயும், போர் தேயும், நீலப் புகை வரும். ஒரு எஞ்சின் இப்படித்தான் சாகும் என்றார் அவர். முதல் நாள் சாகாது, ஒரு வருசமாகச் சாகும்.

பிளக் கரி பிடிப்பது இன்னொன்று. ஒரே வேகத்தில் ஓடினால் ஒருமாதிரிச் சமாளிக்கலாம். மெல்ல ஊர்ந்தால் எஞ்சின் சூடு இறங்கி, கலவை கெட்டு, பிளக்கின் நுனியில் கரி கட்டி நின்றுவிடும். இதைச் சொல்லும்போதுதான் அவர் 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவைப் பற்றிச் சொன்னார். வலிகாமம் முழுக்க ஒரே தெருவால் தென்மராட்சிக்கு நடந்த இரவு. சனத்துக்குள் அடியடியாக ஊர்ந்ததில் அவருடைய வண்டி நின்றுவிட்டது. மகள் தாங்கியில் இருக்க, மனைவி பின்னால் தள்ள, மழைக்குள் விடியும்வரை தள்ளினார்களாம். “மெக்கானிக்கின்ர வண்டி. பிளக்கைக் கழட்டித் துடைக்க நிக்க இடமில்லை. நிண்டால் பின்னால வாற சனம் ஏறிப்போகும்.”

“நாங்கள் மண்ணெண்ணெயில ஓடின ஆக்கள்” என்கிற வசனத்துக்குள் இந்த இரவு இல்லை. மண்ணெண்ணெயில் ஓட முடியாமல் போன இரவு அது.

*

இனி எங்கட குற்றச்சாட்டு.

முதலாவது, அந்த வசனம் காரணத்தை மறைக்கிறது. மண்ணெண்ணெயில் ஓடினது ஒரு இனத்தின் மூளைத்திறனைக் காட்ட நடந்த போட்டி இல்லை. ஒரு அரசு தன்னுடைய குடிமக்கள் என்று சொன்ன சனத்துக்கு எரிபொருளை நிறுத்தினதால் நடந்தது. கதை சொல்லப்படுகிற விதத்தில் தடை வெறும் மேடைப்பின்னணியாகி, எங்கட கெட்டித்தனம் கதாநாயகனாகிவிடுகிறது. தண்டனையை நற்சான்றிதழாக மாற்றிக் கையில் கொடுத்தால் தண்டித்தவனுக்கு அதைவிட வசதி வேறென்ன?

இரண்டாவது, அந்த வசனம் ஆளை மாற்றுகிறது. “நாங்கள் ஓடினம்” என்கிறார்களே, யார் அந்த நாங்கள்? அன்றைக்கு யாழ்ப்பாணத்தின் பெரும்பகுதிச் சனம் ஓடினது சைக்கிள். மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவரே கொஞ்சப்பேர். அதை ஓட வைத்தவர்கள் அவர்களும் இல்லை. ஜெற்றைக் கழற்றி, ஹெட்டை இறக்கி, கையெல்லாம் மண்ணெண்ணெயில் ஊறித் தோல் வெடித்தவர்கள் வேறு ஆக்கள். எங்கட மெக்கானிக்கின் மனைவி தேத்தண்ணி கொண்டுவந்த ஒருநாள் சும்மா சொன்னார், மண்ணெண்ணெயைத் துணியால் வடித்துத் தூசி எடுத்ததும், காபரேற்றர்க் கஸ்கெற்றைக் கொப்பி மட்டையில் கத்தரிக்கோலால் வெட்டிக் கொடுத்ததும் தான்தான் என்று. “ஓட்டை ஒரு நூல் விலகினாலும் காத்து இழுக்கும் பிள்ளை, பிறகு எஞ்சின் இரைஞ்சு இரைஞ்சு நிக்கும்” என்றார். முப்பது வருசத்தில் ஒருவரும் அவரிடம் இதைக் கேட்டதில்லை. இன்றைக்கும் எங்கட தோழி ஒருத்தி தன்னுடைய ஸ்கூட்டரை கராஜுக்குக் கொண்டுபோனால், பின்னால் இருந்து போகிற எங்களிடம்தான் வருத்தம் என்ன என்று கேட்கிறார்கள். எங்களுக்கு பிளக் எந்தப் பக்கம் என்றும் தெரியாது. அவளுக்குத் தெரியும்.

மூன்றாவது, அந்த வசனம் நிகழ்காலத்தைக் காணவிடாது. இதுதான் எங்களுக்கு முக்கியம்.

2021 டிசம்பரில் 177 ரூபாய் விற்ற ஒரு லீற்றர் 92 பெற்றோல், 2022 யூன் 26இல் 470 ரூபாய் ஆனது. அடுத்த நாள் இரவோடு அத்தியாவசிய சேவை அல்லாத ஆக்களுக்குப் பெற்றோல் இல்லை என்று அரசாங்கமே அறிவித்தது. பிறகு கியூஆர் வந்து மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு நாலு லீற்றர். ஓகஸ்ட் 21ஆம் திகதி நள்ளிரவோடு மண்ணெண்ணெய் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்குப் போனது. ஒரே பாய்ச்சல்.

மண்ணெண்ணெய் எங்களுக்குப் பழைய கதை. கடலுக்குப் போகிறவனுக்கு அது இன்றைய காலை. வடக்கின் சின்னப் படகுகளில் பூட்டியிருக்கிற வெளியிணைப்பு இயந்திரங்களில் பெரும்பாலானவை மண்ணெண்ணெயில் ஓடுகிறவை. பெற்றோலில் ஸ்ராட் பண்ணி, சூடான பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றி, கரை வந்து நிறுத்த முதல் மறுபடி பெற்றோலுக்கு மாற்றிக் கொஞ்சம் ஓடவிட்டு நிறுத்துவார்கள். இல்லாவிட்டால் அடுத்த நாள் விடியப்புறம் காபரேற்றருக்குள் கிடக்கிற மண்ணெண்ணெயோடு கயிறு இழுத்து இழுத்துத் தோள்மூட்டுத்தான் கழரும். அதாவது மேடையில் ஒரு வீரகதையாகச் சொல்லப்படுகிற அதே நுட்பத்தை, அதே துளிக் கணக்கை, ஒரு கூட்டம் மனிதர்கள் இன்றைக்கும் ஒவ்வொரு நாளும் செய்கிறார்கள். அவர்களுடைய எண்ணெய் ஒரு இரவில் நாலு மடங்கு விலையானபோது, மண்ணெண்ணெயில் ஓடின பரம்பரை என்று மார்தட்டுகிற எத்தனை பேர் வாய் திறந்தார்கள்?

நாங்களும் திறக்கவில்லை. அந்தக் கிழமை நாங்கள் ஒரு படத்தின் கடைசிக் காட்சி சரியா பிழையா என்று சண்டை பிடித்துக்கொண்டிருந்தோம். அதையும் எழுதத்தான் வேணும்.

*

“அப்ப பெருமைப்படவே கூடாதோ? எல்லாத்தையும் நோண்டி நோண்டி எங்கட கொஞ்ச நஞ்ச மரியாதையையும் கெடுக்கப் போறியளோ?” என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்வி. அந்தத் துளிகளால் பிரசவத்துக்குப் போய்ச் சேர்ந்த தாய்மார் இருக்கிறார்கள், காயப்பட்டவர்கள் இருக்கிறார்கள். அதைச் சின்னதாக்க எங்களுக்குத் தகுதியில்லை.

நாங்கள் சொல்வது இது. பெருமை, வேலையைத் தெரிந்தவருக்குச் சொந்தம். அவர்கள் அதை அடுத்தவனை அடிக்கத் தூக்குவதில்லை. எங்கட மெக்கானிக் எங்களை ஒருநாளும் “உங்கட காலம்” என்று திட்டியதில்லை. அவர் கேட்டதெல்லாம் எத்தனை நாள் நின்றது, என்ன எண்ணெய் விட்டது, நிற்க முதல் எப்படி ஓடினது என்பதுதான். ஒழுங்கையில் கூடின மூன்று பேரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நேரே தீர்ப்புக்குப் போனார்கள். சோக்கை இழு, பலமாக உதை, காலம் கெட்டுப்போச்சு. ஒரு வண்டியிலும் அப்படித்தான், படிப்பை விட்டுவிட்டு வெளிநாடு போக நிற்கிற எங்கட வகுப்புத் தோழனிலும் அப்படித்தான். ஏன் நின்றது என்று ஒருவரும் கேட்பதில்லை. உதைக்கச் சொல்கிறார்கள்.

எங்கட பீடத்தையும் விடுவதாக இல்லை. குப்பி விளக்கைப் பற்றிய கவிதைகளைப் படித்திருக்கிறோம், ‘நினைவு’ என்ற சொல்லை வைத்துக் கருத்தரங்கு நடத்தியிருக்கிறோம். எங்களில் ஒருத்தி, தடைக்காலக் கராஜ்களின் வாய்மொழி வரலாற்றை ஆய்வுக்கு எடுக்கப் போகிறேன் என்று கேட்டபோது, இது எங்கட துறைக்குள் வராது, பொறியியல் பக்கம் போய்க் கேளுங்கோ என்று பதில் வந்தது. பொறியியல் படிக்கிற நண்பனிடம் கேட்டால், காபரேற்றர் எல்லாம் பழசு, இப்ப எல்லாம் எரிபொருளை ஊசியால் அடிக்கிற எஞ்சின், பாடத்திலேயே இல்லை என்கிறான். இரண்டு பீடத்துக்கும் நடுவில் ஒரு முழு அறிவு கிடந்து துருப்பிடிக்கிறது. விளக்குக்குக் கவிதை எழுத ஆள் இருக்கிறது. எத்தனை துளி விட்டது என்று எழுத ஆள் இல்லை.

அவசரம் இருக்கிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினதால்தான் பழைய காபரேற்றர் வண்டிகள் இன்னும் எங்கட தெருவில் ஓடிக்கொண்டிருந்தன. இறக்குமதி மறுபடி திறந்துவிட்டது. வண்டிகள் போகும். அதைத் தெரிந்த ஆக்களுக்கு அறுபது, எழுபது வயது. எங்கட மெக்கானிக்கின் கை இப்போது நடுங்குகிறது, ஜெற்றைப் பூட்ட எங்களைத்தான் கூப்பிடுகிறார்.

*

பெருமையாகச் சொல்லாமல் வேலையாகச் சொன்னால் எப்படி இருக்கும் என்பதற்கு, அவர் சொல்லித்தந்த ஒழுங்கை அப்படியே தருகிறோம். வெட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

வண்டி ஸ்ராட் வரவில்லை என்றால் உதைக்க முதல் யோசியுங்கள். கடைசியாக எப்போது ஓடினது, அதற்குப் பிறகு என்ன மாறினது?

தாங்கியில் எண்ணெய் இருக்கிறதா, ராப் திறந்திருக்கிறதா, காபரேற்றர்வரை வருகிறதா? வடிகால் ஆணியைத் திறந்து பாருங்கள். வருவதை மணந்து பாருங்கள். பழசென்றால் வடித்துவிட்டுப் புதுசு விடுங்கள். பக்கத்தில் சிகரெட்டோடு ஆள் நிற்கக் கூடாது.

பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். காய்ந்த கரி கறுப்பென்றால் எண்ணெய் கூடப் போகிறது, அல்லது காற்று குறைவு. ஏயார் பில்டர் அடைத்திருக்கும், சோக் திறபடாமல் இருக்கும். வெள்ளையாகக் காய்ந்து கிடந்தால் எண்ணெய் குறைவு, அல்லது எங்கேயோ காற்று இழுக்கிறது. செங்கட்டிக்கும் மண்ணிறத்துக்கும் நடுவில் ஒரு நிறம் இருந்தால் கலவை சரி. பெற்றோலில் நனைந்திருந்தால் சோக்கைத் திறந்து, திறொட்டிலையும் முழுதாகத் திறந்து வைத்து உதையுங்கள், உள்ளே நிறைந்தது வெளியேறும். அன்றைக்கு ஒழுங்கையில் எங்களுக்குத் தேவைப்பட்டது இந்த ஒரு வரிதான்.

பிளக் தொப்பியோடு பிளக்கைப் பூட்டி, அதன் உடம்பை எஞ்சின் உலோகத்தில் முட்ட வைத்து உதைத்தால் பொறி தெரிய வேணும். பிளக் ஓட்டைக்குத் தள்ளியே செய்யுங்கள், சிந்தின பெற்றோலைத் துடைத்துவிட்டுச் செய்யுங்கள். நீலப்பொறி நல்லது. மஞ்சளாக மெலிந்தால் பிளக் அல்லது கொயில்.

எண்ணெயும் பொறியும் இருந்தும் வராவிட்டால் கிக்கர் எவ்வளவு பாரமாக இருக்கிறது என்று பாருங்கள். காற்றை உதைக்கிற மாதிரி லேசாகப் போனால் அமுக்கம் இல்லை. அப்போது கராஜுக்குத் தள்ளுங்கள். தள்ளுவதில் வெட்கமில்லை.

இதை எழுத எங்களுக்கு ஒரு வருசம் எடுத்தது. இதில் ஒரு வரியும் மேடையில் இருந்து வரவில்லை.

இனி வாசிக்கிற ஆக்களிடம் ஒரு வேலை. அடுத்த முறை யாராவது உங்களுக்கு முன்னால் “நாங்கள் மண்ணெண்ணெயில ஓடின ஆக்கள்” என்று சொன்னால், வாயை மூடாதேங்கோ, சண்டைக்கும் போகாதேங்கோ. கொப்பியும் பேனையும் எடுத்துப் பக்கத்தில் இருங்கோ. கேளுங்கோ. என்ன வண்டி? எத்தனை துளி? எந்தப் போத்தலில்? பெற்றோல் ஆரிட்ட வாங்கினது, என்ன விலை? ஹெட்டை இறக்கினது ஆர்? எத்தனை மாதத்தில் ரிங் போனது? புகை ஆரின் நெஞ்சுக்குப் போனது? கடைசியாக அந்த வண்டி எங்கே நின்றது?

பதில் தெரிந்தவர் சொல்லச் சொல்ல எழுதி எங்களுக்கு அனுப்புங்கோ. அவரின் மனைவி பக்கத்தில் நின்றால் அவரிடமும் தனியாகக் கேளுங்கோ.